பொள்ளல் குண்டு

அத்தியாயம் ஆறு

பஸ்ரியனின் பழைய கொரோலாவில் சூடு முன் இருக்கைக்கு மட்டும்தான் வரும். பின்னால் இருப்பவர்கள் ரொறொன்ரோவின் தை மாதத்தை அப்படியே அனுபவிக்கலாம். அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில், ரட்ணம் நகைமாடத்துக்கு நேரெதிரே, அவன் காரை நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது திரும்ப உயிர்க்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பின்னால் ரதி இருந்தாள். அவளுடைய தம்பி கீதன் மறியலில், கம்பிக்குப் பின்னால், இருந்தான்.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ," என்றாள் நிலாணி. "முதலிலை இருந்து."

நிலாணியிடம் மாகாண அரசாங்கம் கொடுத்த துப்பறியும் அனுமதி அட்டை இருந்தது. அதற்கு முன் ஒரு காப்புறுதிக் கம்பனியில் மற்றவர்களின் பொய்களை வாசித்துக்கொண்டிருந்தாள். பஸ்ரியன் டாக்சி ஓட்டினான். மற்றவர்களின் பொய்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். இருவரும் ஒன்றாகத் தொழில் செய்வதில் ஆச்சரியம் இல்லை. தொழில் நடப்பதில்தான் ஆச்சரியம்.

ரதி சொன்னாள். கீதன் இந்தக் கடையின் பின்னறையில் நகை வேலை செய்பவன். போன கிழமை பட்டப்பகலில், கீதன் சாப்பிடப் போயிருந்த நேரம், முகமூடி போட்ட இருவர் வந்தார்களாம். முதலாளி இராஜரட்ணம் தனியே நின்றாராம். ஒரு தட்டு நகையை எடுத்துக்கொண்டு, சுவரில் ஒருமுறை சுட்டுவிட்டு ஓடினார்களாம். பொலிஸ் சுவரைத் தோண்டித் தோட்டாவை எடுத்தது. முப்பத்தெட்டு ரகம். மூக்கில் குழி உள்ளது.

"பிறகு கடையிலை நிக்கிற பெட்டையை விசாரிச்சவை. ஆராவது தோட்டாவைப் பற்றிக் கதைச்சவையோ எண்டு. களவுக்கு முதல் கீதன் ஃபோனிலை கதைச்சவன் எண்டு அவள் சொல்லிப்போட்டாள்."

"கீதனைக் கேட்டவையோ?"

"மொழிபெயர்ப்பாளரை வைச்சுக் கேட்டவை. ஓம், கதைச்சனான் எண்டு சொல்லியிருக்கிறான்."

பஸ்ரியன் கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்தான். "தங்கச்சி, ஆளே ஓம் எண்டு சொன்ன பிறகு நாங்கள் ஏன் பெற்றோல் எரிக்கிறம்?"

"அண்ணை, கனடா தினத்துக்கு வாணம் விட்டால் கட்டிலுக்குக் கீழை படுக்கிறவன் அவன். அவன் தோட்டா வாங்கிக் குடுத்தவனோ?"

பஸ்ரியன் வாயை மூடினான். அது அடிக்கடி நடப்பதில்லை.

"நாளைக்குப் பிணைக்கு எடுக்கினம்," என்றாள் ரதி. "அடுத்த மாதம் அகதி வழக்கு. துவக்குக் கேஸ் ஒண்டு கழுத்திலை கிடந்தால் ஆர் அவனை நம்புவினம்? கொழும்புக்குப் பிளேன்தான்."

"அவர் ஃபோனிலை என்ன சொன்னவராம்?" என்றாள் நிலாணி.

"தேர்ட்டி எயிட். ஹொலோ புல்லட்ஸ். பொலிஸ் அறிக்கையை லோயர் அப்பிடித்தான் வாசிச்சவர்."

"அது இங்கிலிஸ். தமிழிலை என்ன சொன்னவர்?"

ரதி யோசித்தாள். "தமிழ் அதிலை இல்லை, அக்கா."

"அப்ப அந்தத் தமிழைத்தான் தேட வேணும்." நிலாணி தொப்பியை இழுத்துக் காதை மூடினாள். "நீங்கள் காருக்குள்ளையே இருங்கோ. உங்களைக் கண்டால் அவர் கதைக்க மாட்டார். பஸ்ரியன், வாங்கோ. நீங்கள் இண்டைக்குத் துவக்கு வாங்கப் போறியள்."

"ஏன்?"

"தற்காப்புக்கு."

"எனக்கு ஆர் எதிரி?"

"உங்கடை வாய்."

*

நகைமாடத்தின் கதவில் மணி அடித்தால்தான் உள்ளே திறப்பார்கள். திறந்தார்கள். சுவரில் பிள்ளையார் இருந்தார். பக்கத்தில் லட்சுமி. மூன்றாவது சட்டத்துக்குள் ஒரு துவக்குச் சுடும் கழகத்தின் சான்றிதழ். மூன்றுக்கும் பூ வைத்திருந்தது.

இராஜரட்ணம் அறுபது தாண்டியவர். வயிறு கண்ணாடிப் பெட்டிக்கு மேலே சற்றே ஓய்வெடுத்தது. அவருடைய மருமகள், சகோதரியின் மகள் நிரூபா, மற்றப் பக்கத்தில் நின்று காதுத்தோடுகளுக்கு விலைச்சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கிற பிள்ளை. நாலு வயதில் கனடா வந்தவள். கழுத்தில் பொன்மணி கோத்த சங்கிலி ஒன்று கிடந்தது.

நிலாணி தன் அட்டையைக் கொடுத்தாள். களவைப் பற்றி விசாரிக்க வந்ததாகச் சொன்னாள். இராஜரட்ணத்தின் முகம் இறுகியது.

"எல்லாம் பொலிசுக்குச் சொல்லியாச்சு, தங்கச்சி."

"ஓம் அண்ணை. கனக்க நேரம் எடுக்க மாட்டன். உவர் பஸ்ரியன், என்னோடை வேலை செய்யிறார். உங்கடை கதையைக் கேட்ட நாளிலை இருந்து ஒரு கைத்துவக்கு வாங்க வேணும் எண்டு நிக்கிறார். என்ன குண்டு போடுறது எண்டுதான் தெரியேல்லையாம்."

இறுகிய முகம் நெய் போல இளகியது.

"அப்பிடிக் கேளுங்கோ. எங்கடை சனம் துவக்கைத்தான் கேக்குது. குண்டை ஆரும் கேக்கிறேல்லை. துவக்கு எண்டது சட்டி. குண்டுதான் கறி."

அவர் கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு வெல்வெட் தட்டை எடுத்தார். மோதிரம் காட்டும் தட்டு. அதில் மோதிரம் இருக்கவில்லை. வெடிமருந்து இல்லாத மாதிரித் தோட்டாக்கள் வரிசையாக இருந்தன. நகைக்காரரின் சாமணத்தால் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்பது கல் வைத்த தோட்டைக் காட்டும் அதே கை, அதே பக்தி.

"இது உருண்டை மூக்குக் குண்டு. துளைச்சுக்கொண்டு போகும். கள்ளனைத் துளைக்கும், சுவரைத் துளைக்கும், பக்கத்துச் சலூனிலை தலைமயிர் வெட்டுவிக்கிற மனிசியிலை போய் முடியும். கூடாது. இது தட்டை மூக்கு. கழகத்திலை கடதாசி சுடுறதுக்கு."

"கடதாசி கொள்ளையடிக்க வந்தால் பாவிக்கலாம்," என்றான் பஸ்ரியன்.

இராஜரட்ணம் அதைக் கேட்டதாகக் காட்டவில்லை. மூன்றாவதைத் தூக்கினார். "இதுதான் ராசா. பொள்ளல் குண்டு. மூக்கிலை பொள்ளல் இருக்கு, பாருங்கோ. உள்ளுக்குப் போனவுடனை பூ மாதிரி விரியும். விரிஞ்சால் அங்கையே நிக்கும். அடுத்தவனுக்குச் சேதம் இல்லை. மரியாதையான குண்டு."

"கள்ளனுக்கும் மரியாதைதான்," என்றான் பஸ்ரியன். "பூ வைச்சு அனுப்புறியள்."

"ஆனால் ஒரு சிக்கல் இருக்கு." இராஜரட்ணம் குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை பனிக்காலத்திலை கள்ளன் தடிச்ச மேலங்கி போட்டுக்கொண்டெல்லோ வருவான். பஞ்சும் நூலும் பொள்ளலுக்கை போய் அடைஞ்சுபோகும். பிறகு விரியாது. அதாலை நான் பனிக்காலத்துக்கு ஒரு குண்டு, கோடைக்கு ஒரு குண்டு வைச்சிருக்கிறன்."

"காருக்குப் பனிக்கால ரயர் மாத்திற மாதிரியோ, அண்ணை?"

"அதே மாதிரித்தான்." அவருக்கு அந்த உவமை பிடித்துக்கொண்டது. "இதையெல்லாம் ஆர் யோசிக்கினம்? ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னறையிலை கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுக்கிறன். பலசரக்குக்கடைக்காரர், வீடியோக்கடைக்காரர், எல்லாரும் வருவினம். போன கிழமை இடியப்பமும் குடுத்தனான்."

குண்டுக்குப் பயந்து ஓடிவந்த சனம் குண்டு தெரிந்தெடுக்க வகுப்பு வைக்கிறது, அதற்கு இடியப்பமும் கொடுக்கிறது என்று பஸ்ரியன் நினைத்தான். சொல்லவில்லை. நிலாணி அவனுடைய காலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"தற்காப்புக்கு எண்டு கேட்டால் அனுமதி குடுப்பினமோ?" என்றாள் அவள்.

"குடுக்க மாட்டினம். இப்ப புதுச் சட்டமும் வருது, இன்னும் இறுக்குவினம். குறி பாக்கிறதுக்கு எண்டுதான் கேக்க வேணும். நானும் குறிதான் பாக்கிறன். ஆரைக் குறி பாக்கிறன் எண்டு அவை கேக்கேல்லை."

"களவு நடந்த அண்டைக்கு உங்கடை துவக்கு எங்கை?"

"வீட்டிலை. பெட்டிக்குள்ளை. பூட்டி. குண்டு வேறை அறையிலை, அதுவும் பூட்டி. சட்டம் அப்பிடி."

"அப்ப வீட்டுக்குக் கள்ளன் வந்தால்," என்றான் பஸ்ரியன், "முதல்லை இருத்தி, தேத்தண்ணி குடுத்து, பனியோ வெயிலோ எண்டு பாத்து..."

"பஸ்ரியன்," என்றாள் நிலாணி.

இராஜரட்ணம் சாமணத்தை வைத்தார். "சிரிக்கலாம், தம்பி. தனியா நிண்டது நான்."

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. பஸ்ரியன் இரவில் டாக்சி ஓட்டியவன். பின் இருக்கையில் இருப்பவன் கையை விடும் சட்டைப்பையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியவன். அவன் பார்வையைத் தாழ்த்தினான்.

"தட்டிலை என்ன இருந்தது?" என்றாள் நிலாணி.

"ஒரு மணிமாலை. கலியாணத்துக்குச் செய்தது. ரெக்ஸ்டேலிலை இருக்கிற ஒரு மெட்ராஸ் டொக்டர் அம்மா, ஸ்ரீதேவி எண்டு பேர். தாயின்ரை பழைய பவுணையெல்லாம் தந்து, மகளுக்குச் செய்யச் சொன்னவ. வேறை சில்லறைச் சாமானும் இருந்தது. பாவம், அவ கலியாண உடுப்பு எடுக்க மெட்ராசுக்குப் போயிருக்கிறா. வந்து நிண்டு அழப்போறா."

"மணிமாலை," என்றாள் நிலாணி.

"ஓம். மணிமாலை."

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சலூன் பக்கத்துச் சுவர். பொலிஸ் தோண்டிய ஓட்டை இரண்டு படங்களுக்கு நடுவில் இருந்தது. பிள்ளையாருக்கும் சேதம் இல்லை, லட்சுமிக்கும் சேதம் இல்லை. கண்ணாடிப் பெட்டி ஒன்றும் உடையவில்லை. நிலாணி சுவரின் ஒரு முனைக்குப் போய் விரலை மடக்கித் தட்டிக்கொண்டு வந்தாள். ட்றைவோல், சுண்ண மாவு அடைத்த அட்டைப் பலகை, பின்னால் வெறுமை. பறை மாதிரிச் சத்தம் கேட்டது. இன்னும் தட்டினாள். பறை. பறை. ஓட்டைக்குக் கிட்டத் தட்டினாள். சத்தம் செத்துப்போனது. மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை. அங்கேயும் செத்த சத்தம்தான். அதைத் தாண்டியதும் திரும்பப் பறை.

"என்ன செய்யிறியள்?" என்றார் இராஜரட்ணம்.

"பழக்கம். தேங்காய் வாங்கினாலும் தட்டித்தான் வாங்குவன்."

அவள் நிரூபாவிடம் போனாள்.

"தங்கச்சி, கீதன் ஃபோனிலை கதைச்சதைக் கேட்டது நீர்தானே?"

"ஓம் அன்ரி." நிரூபா மாமாவைப் பார்த்தாள். "ஐ டோல்ட் தெம் எவ்ரிதிங்."

"அதைத்தான் பொலிசுக்குச் சொல்லியாச்சே," என்றார் இராஜரட்ணம். "பிள்ளைக்கு வேலை கிடக்கு."

"பொலிசுக்கு இங்கிலிசிலை சொன்னது. எனக்குத் தமிழிலை சொல்லும். அவர் சொன்ன மாதிரியே. கூட்டாமல், குறைக்காமல்."

நிரூபா கண்களை மூடிக்கொண்டாள். தேவாரம் பாடமாக்கிய பிள்ளை ஒப்புவிக்கும் தோரணை. "அவர் சொன்னவர்... 'முப்பத்தெட்டுக் குண்டும் பொள்ளல். உள்ளுக்கு முழுக்க அரக்கு.' அப்பிடித்தான். முப்பத்தெட்டு எண்டா தேர்ட்டி எயிட். பொள்ளல் எண்டா ஹொலோ. மாமா எப்பவும் சொல்லுறதுதானே."

"அரக்கு?"

"அது எனக்கு விளங்கேல்லை. ஐ தோட், அரக்கன் மாதிரி ஏதோ. சோ, ஐ லெஃப்ட் இட் அவுட்."

பஸ்ரியனின் வாயில் ஒரு பகிடி வந்து நின்றது. நிலாணியின் முகத்தைப் பார்த்ததும் அது திரும்பிப் போனது.

"அவர் கதைக்கேக்கை, மற்றப் பக்கம் ஆரும் மறுமொழி சொன்ன மாதிரி இருந்ததோ? ஓம், சரி, பிறகு, எண்டு இவர் கேட்டவரோ?"

"நோ. நிப்பாட்டாமல் கதைச்சவர். ஸ்ட்ரெயிட்டா. பிறகு, 'அதுக்கிடையிலை பீப் அடிக்குது' எண்டு தனக்குத்தானே சொல்லி வைச்சிட்டார். கொஞ்சம் பயந்த மாதிரி." நிரூபா மாமாவின் பக்கம் திரும்பினாள். "மாமா, அரக்கு எண்டா என்ன?"

குண்டைப் பற்றி விடிய விடிய விளக்கக்கூடிய மனிதர் வெல்வெட் தட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

*

"சரி அண்ணை, நாங்கள் வெளிக்கிடுறம்," என்றாள் நிலாணி. கையுறையை ஒரு கையில் போட்டாள். மற்றதைப் போடவில்லை. "கடைசியா ஒண்டு. கள்ளன் சரியான மடையன் என்ன?"

"ஏன்?"

"ஆகத் திறமில்லாத குண்டு. ட்றைவோலைக்கூடத் தாண்டேல்லை."

"தாண்டாததுதானே தங்கச்சி திறம்." இராஜரட்ணம் சிரித்தார். "இப்பத்தானே சொன்னனான். விரிஞ்சு நிண்டிருக்கு."

"சுவரிலை விரியாது எண்டு நான் கேள்விப்பட்டனான். ட்றைவோலின்ரை மாவும் மேலங்கிப் பஞ்சு மாதிரித்தானாம். பொள்ளலை அடைச்சுப்போடும். பிறகு அது வெறும் உருண்டை மூக்குத்தான். பக்கத்துச் சலூனுக்கு நேரே போகும்."

"ஆர் சொன்னது?"

"ஆரோ. அதாலை நான் நினைக்கிறன், இது நிண்டதுக்குக் காரணம் வேறை. பழைய குண்டு. ஈரம் பட்டு மருந்து செத்திருக்கும். மலிவா எங்கையோ வாங்கின குப்பை."

"குப்பையோ?"

"குப்பைதான் அண்ணை. உங்களைப் போல ஒரு ஆள் தொடவும் மாட்டார்."

இராஜரட்ணத்தின் காது சிவந்தது. பஸ்ரியன் அதைப் பார்த்தான். சிவப்பு காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. மனிதருக்குப் பெண்சாதியைக் குறை சொன்னால் பொறுக்கும், பிள்ளையைக் குறை சொன்னாலும் பொறுக்கும்.

"விசர்க்கதை கதைக்காதேங்கோ. மருந்து செத்ததோ? அது புதுச் சாமான். நீலப் பெட்டியிலை வாறது. தலை கனமானது, செம்புச் சட்டை போட்டது. மாரிக்கும் கோடைக்கும் எல்லாத்துக்கும் யோசிச்சுத்தான்..."

அவர் நிறுத்தினார்.

வெளியே தரிப்பிடத்தில் கொரோலா இருமியது. உள்ளே அது நன்றாகக் கேட்டது.

"பொள்ளல் குண்டு எண்டு பொலிஸ் சொன்னது," என்றாள் நிலாணி. "நீலப் பெட்டி எண்டு ஆர் சொன்னது?"

"அது... நான் ஒரு ஊகத்திலை."

"ஊகம் வேண்டாம். அந்த இடத்திலை சுவருக்குப் பின்னாலை கொங்கிறீட் தூண் ஓடுது. மேலையும் கீழையும் தட்டிப் பாத்தனான். இவ்வளவு நீளச் சுவரிலை பக்கத்துச் சலூன்காரருக்கு நோகாத இடம் அது ஒண்டுதான். ஓடுற அவசரத்திலையும் கள்ளன் அதைத் தேடிச் சுட்டிருக்கிறான். சாமிப் படத்துக்கும் படாமல்."

"பக்தியான கள்ளன்," என்றான் பஸ்ரியன். "வாடகை ஒப்பந்தமும் அவன்ரை பேரிலைதான் இருக்கும்."

இராஜரட்ணம் அவனைப் பார்க்கவில்லை. அவருடைய கை கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் போனது. லாச்சி ஒன்று திறக்கும் சத்தம் கேட்டது.

பஸ்ரியன் அசையவில்லை. வீரத்தால் அல்ல. அவன் கணக்குப் பார்த்தான். இது தை மாதம், ஆகவே பனிக்காலக் குண்டாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. தன்னுடைய மேலங்கி தடிப்பானது என்பது அடுத்த நினைப்பு. பனிக்காலக் குண்டு அந்தத் தடிப்புக்கென்றே தெரிந்தெடுத்தது என்பது மூன்றாவது.

இராஜரட்ணம் கையை வெளியே எடுத்தார். பிறசருக்குப் போடும் குளிசை. தண்ணீர் இல்லாமல் விழுங்கினார்.

பஸ்ரியன் மேலங்கியின் மேல் பொத்தானைக் கழற்றினான்.

"தூணும் பெட்டியும் ஒரு பக்கம் கிடக்கட்டும்," என்றாள் நிலாணி. "நான் வந்தது தமிழுக்கு. அண்ணை, நீங்கள் எத்தினை வருசமா நகைத் தொழில்?"

இராஜரட்ணம் லாச்சியை மூடினார்.

"குண்டுமாலையை மணிமாலை எண்டு சொன்ன முதல் நகைக்கடைக்காரர் நீங்கள்தான். கடைக்குள்ளை வந்ததிலை இருந்து வாய்க்கு வாய் குண்டு எண்டியள். அந்தச் சொல்லு எங்கை வர வேணுமோ அங்கை மட்டும் வரேல்லை."

நிரூபா விலைச்சீட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "குண்டு எண்டா புல்லட் தானே, அன்ரி?"

"உம்மடை மாமாவின்ரை கடையிலை அப்பிடித்தான். மற்ற நகைக்கடையளிலை, மாலையிலை கோக்கிற பொன்மணிக்குப் பேர் குண்டு. கெட்டிக் குண்டும் இருக்கு. உள்ளுக்கு வெறுமையாச் செய்து, எடைக்கு அரக்கு ஊத்தி அடைச்ச குண்டும் இருக்கு. அரக்கு எண்டா மெழுகு மாதிரி ஒரு சாமான். சிவப்பா இருக்கும். அந்த அம்மா தாயின்ரை பவுணைக் குடுத்துக் கெட்டிக் குண்டு கேட்டிருக்கிறா. வந்தது முப்பத்தெட்டும் பொள்ளல். கோக்கேக்கை கீதன்ரை ஊசியிலை அரக்கு ஒட்டியிருக்கும். அவர் அந்த அம்மாவுக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லியிருக்கிறார். அவ மெட்ராசிலை. வீட்டிலை குரலைப் பதியிற மெசின்தான் எடுத்தது. தோட்டா வாங்கிறவன் மெசினோடை பேரம் பேச மாட்டான். அது உம்மடை மாமாவின்ரை காதிலையும் விழுந்திருக்கும்; மாலை களவு போனால் பொள்ளலும் அதோடை போயிடும்."

"பட் ஹி செட் யெஸ்," என்றாள் நிரூபா. குரல் மெலிந்திருந்தது. "பொலிசிட்டை அவரே ஓம் எண்டு சொன்னவர்."

"குண்டைப் பற்றிக் கதைச்சனீரோ எண்டு கேட்டிருப்பினம். கதைச்சவர்தானே. ஓம் எண்டார். பொள்ளல் எண்டு சொன்னனீரோ எண்டு கேட்டிருப்பினம். அதுக்கும் ஓம். மொழிபெயர்க்க வந்தவருக்கு முன்னாலை மேசையிலை கிடந்தது துவக்குத் தோட்டா. அவர் மாலையை ஏன் நினைக்கப்போறார்?"

"மொழிபெயர்ப்புப் பிழைச்சதுக்கு நானோ பொறுப்பு?" என்றார் இராஜரட்ணம்.

"இல்லை. உந்தப் பிள்ளைக்குப் பாதித் தமிழ்தான் விளங்கினது. பொலிசுக்கு ஒண்டுமே விளங்கேல்லை. இதிலை தமிழ் முழுக்க விளங்கின ஒரே ஆள் நீங்கள். நீங்கள்தான் பேசாமல் இருந்தனீங்கள்."

இராஜரட்ணம் ஸ்டூலில் இருந்தார். குரல் இறங்கியது. புதன்கிழமை வகுப்பில் இல்லாத குரல்.

"தங்கச்சி, யோசியுங்கோ. எங்கடை சனத்துக்குள்ளை நடந்தது. பேப்பரிலை வந்தால் எல்லாருக்கும்தான் வெக்கம். அந்த அம்மாவுக்கு நான் கெட்டியாச் செய்து குடுக்கிறன். பெடியனுக்கும் நல்ல லோயர் பிடிப்பம். பொலிசுக்குப் போகாமல்..."

"கீதன் எந்தச் சனம், அண்ணை?"

எல்லா வகைக் கள்ளனுக்கும் ஒரு குண்டு வைத்திருந்தவர். இந்தக் கேள்விக்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை.

நிரூபா தன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பர்த்டேக்கு மாமா தந்தது," என்றாள், யாருக்கும் இல்லாமல்.

"பிள்ளை," என்றார் இராஜரட்ணம். "அதை விடு."

அவள் விடவில்லை. ஒரு மணியைப் பல்லுக்கு நடுவில் வைத்தாள். கடித்தாள். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. பழைய கச்சான் கடலைக் கோது உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தகடு நசுங்கியிருந்தது. உள்ளிருந்து சிவப்பாய் ஒரு துணிக்கை அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"அரக்கு," என்றாள். சொல் அவள் வாயில் புதிதாக இருந்தது.

நிரூபா கையை மூடிக்கொண்டு தொலைபேசிக்குப் போனாள். பொலிஸ்காரர் கொடுத்த அட்டை அதன் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. எண்களை அழுத்தினாள். மறுமுனையில் எடுக்கும்வரை மாமாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பினாள். "ஐ லெஃப்ட் அவுட் எ வேர்ட்," என்று தொடங்கினாள்.

நிலாணி மற்றக் கையுறையையும் போட்டாள். "நான் உவளோடை நிக்கிறன். ரெக்ஸ்டேல் அம்மாவின்ரை மெசினிலை கீதன்ரை குரல் பதிஞ்ச நாடா அழிய முதல் பொலிஸ் போக வேணும். நீங்கள் போய் ரதியிட்டைச் சொல்லுங்கோ."

"நானோ?"

"பகிடி விடாமல்."

பஸ்ரியன் வெளியே வந்தான். குளிர் மூக்கைப் பிடித்தது. கொரோலா இன்னும் உயிரோடு இருந்தது. அதனுடைய பின் கண்ணாடி முழுக்க ரதியின் மூச்சால் மூடியிருந்தது. அதன் நடுவில் கையால் துடைத்த வட்டம் ஒன்று. வட்டத்துக்குள் ஒரு கண்.

அவன் தட்டமுதல் அவள் கண்ணாடியை இறக்கினாள். கேட்கப் பயந்தவள் மாதிரி அவனுடைய வாயைப் பார்த்தாள்.

"விட்டிடுவினம்," என்றான் பஸ்ரியன். "நாளைக்கு இல்லாட்டில் நாளையிண்டைக்கு. அவன் ஒண்டும் செய்யேல்லை. ஒரு மனிசிக்கு நல்லது சொல்லப் போயிருக்கிறான்."

ரதி கையுறையோடு முகத்தைப் பொத்தினாள். அவன் பனியில் நின்றுகொண்டிருந்தான். நிலாணி சொன்னதை நினைத்தான். பகிடி விடக்கூடாது. கொஞ்ச நேரம் பொறுத்தும் பார்த்தான்.

"ஆனால் தங்கச்சி, வெளியிலை வந்தவுடனை அவனுக்கு ஒண்டு சொல்லிவையுங்கோ. இந்த நாட்டிலை பொலிஸ் கேட்டால் குண்டு எண்டு சொல்ல வேண்டாம். முதலாளி மாதிரி மணி எண்டு சொல்லட்டும்."